சனிக்கிழமை சாயங்காலமும் ஒற்றைப்படை மதகும்

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலத்துக்கென்று தனி அவசரம் உண்டு. அன்றைக்குத்தான் வாரச் சம்பளம். ஆறு மணி தாண்டினால் பனியன் கம்பெனி வாசல்களில் வேன்கள் வரிசை கட்டி நிற்கும். சம்பளக் கவரை வாங்கி, வழியில் காய்கறி வாங்கி, ஊத்துக்குளிக்கோ குன்னத்தூருக்கோ பஸ் ஏற வேண்டியவர்கள் மணியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதே நேரத்தில் பின்பக்க கேட்டில் தூத்துக்குடி போகிற கண்டெய்னர் லாரி நிற்கும். துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்கை ஒப்படைக்க ஒரு கெடு நேரம் இருக்கிறது. அது தவறினால் அடுத்த கப்பல்தான். வெளிநாட்டு பையர் அதைச் சும்மா விடமாட்டார்.

நான் அப்படியொரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நானும் இன்னொரு தம்பியும் மட்டும்தான். கட்டிங் முடிந்து வரும் ஒவ்வொரு பண்டிலிலும் பார்கோடு ஒட்டியிருக்கும். தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று அது நகர்கிற ஒவ்வொரு இடத்திலும் ஸ்கேன் ஆகும். பீஸ் ரேட் சம்பளமும் அந்த ஸ்கேனிலிருந்துதான் கணக்காகிறது, அட்டைப்பெட்டி ஸ்டிக்கரும் அதிலிருந்துதான் அச்சாகிறது. எல்லாம் ஒரே போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், ஒரே சர்வர்: 12 கோர், 64 ஜிபி மெமரி.

அந்தச் சனிக்கிழமை ஆறு பத்துக்கு பேக்கிங்கிலிருந்து போன் வந்தது. "தம்பி, ஸ்கேன் பண்ணுனா சுத்திக்கிட்டே இருக்குதுங்க. ஸ்டிக்கர் வரமாட்டேங்குது." போனை வைப்பதற்குள், தையல் பிரிவில் இருபது வருடமாக வேலை பார்க்கும் அக்கா என் அறை வாசலுக்கே வந்துவிட்டார். "ஏங் கண்ணு, இன்னிக்குச் சம்பளம் வருமா வராதா? சொன்னீன்னா பொண்ணுக்கு போன் பண்ணி சோறாக்கச் சொல்லிருவேன்." அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அது இன்னும் என் மனதில் நிற்கிறது.

சர்வரைப் பார்த்தேன். 12 கோரும் நிரம்பி வழிந்தன, டிஸ்க்கும் அப்படியே. சம்பளக் கணக்கு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு ஒரே ரிப்போர்ட் பதினொரு தடவை ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாத ஆர்டர் வாரியாக, நிறம் வாரியாக, அளவு வாரியாகச் செலவுக் கணக்கு போடுகிற பெரிய குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி. கேட்டவர்கள் நான்கு பேர்தான். பொத்தானை அழுத்தினார்கள், பதில் வரவில்லை, பக்கத்தை மூடிவிட்டு மறுபடியும் அழுத்தினார்கள். பக்கத்தை மூடியதோடு வேலை நின்றுவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். போஸ்ட்கிரஸ் அப்படி நடந்துகொள்வதில்லை. கேட்டவர் போய்விட்டார் என்பது, பொதுவாக, பதிலை அனுப்பப் பார்க்கும்போதுதான் அதற்குத் தெரியும். அதுவரை, யாருக்கும் வேண்டாத கணக்கை முழு மூச்சோடு போட்டுக்கொண்டே இருக்கும். ஓடும்போதே இடையிடையே எட்டிப் பார்த்து ஆள் இல்லையென்றால் நிறுத்தச் சொல்லும் வசதி 14ஆம் பதிப்பில் வந்தது. ஆனால் நாமாகப் போய் இயக்கினால்தான் அது வேலை செய்யும்.

அப்போது நான் செய்தது பெரிய தவறு. சர்வரின் இயங்குதளமான லினக்ஸில் ஒவ்வொரு புராசஸுக்கும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும், நைஸ் என்றொரு எண் உண்டு. மைனஸ் 20 முதல் 19 வரை. எண் கூடக் கூட அந்தப் புராசஸ் மற்றவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கும். போஸ்ட்கிரஸில் ஒவ்வொரு இணைப்பும் தனிப் புராசஸ் என்பதால், கனமான பன்னிரண்டையும் பிடித்து நைஸ் 19 கொடுத்தேன். ரிப்போர்ட்டும் சம்பளக் கணக்கும் ஒதுங்கினால் ஸ்கேனுக்கு வழி கிடைக்கும் என்பது என் கணக்கு.

ஸ்கேன் அசையவே இல்லை. சம்பளக் கணக்கு ஒவ்வொரு பண்டிலையும் "கணக்கில் சேர்ந்தது" என்று குறித்துக்கொண்டே போகும். எல்லாம் ஒரே நீண்ட டிரான்ஸாக்‌ஷன். அதாவது முழுதும் முடிந்தால்தான் பதிவாகும் ஒரே மூட்டை வேலை. குறித்த பதிவுகள் எல்லாம் அது முடியும்வரை அதன் பூட்டில் இருக்கும், வேறு யாரும் அவற்றை மாற்ற முடியாது. பேக்கிங்கில் ஸ்கேன் செய்தது அதே பண்டில்களை. சம்பளக் கணக்கை நான் மெதுவாக்கினேன். பூட்டு இன்னும் நீண்ட நேரம் பூட்டாகவே கிடந்தது. ஸ்கேனுக்கு வழிவிடச் சொல்லி யாரை ஒதுக்கினேனோ, அவர் கையில்தான் சாவி இருந்தது.

இதற்கு முன்னுரிமைத் தலைகீழாக்கம் என்று பெயர். பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி, சில நாட்களில் தானாகவே மறுதொடக்கம் ஆக ஆரம்பித்தது. வானிலைத் தகவல் சேகரிக்கும் முன்னுரிமை குறைந்த வேலை ஒரு பூட்டை வைத்திருந்தது. முன்னுரிமை கூடிய வேலை அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது. நடுத்தர முன்னுரிமை வேலை ஒன்று நடுவில் புகுந்து, பூட்டு வைத்திருந்தவரை ஓடவிடவில்லை. காத்திருந்த முக்கிய வேலை நேரத்துக்கு முடியாததால், கண்காணிப்புக் கடிகாரம் எல்லாவற்றையும் நிறுத்தித் திரும்பத் தொடங்கியது. பூமியிலிருந்தே சரிசெய்தார்கள்: பூட்டு வைத்திருப்பவருக்கு, அதற்காகக் காத்திருப்பவரின் முன்னுரிமை தற்காலிகமாகக் கிடைக்கும்படி ஓர் அமைப்பை இயக்கினார்கள். நான் புராசஸுக்குக் கொடுத்த நைஸ் எண்ணுக்கும் போஸ்ட்கிரஸின் பூட்டு வரிசைக்கும் அப்படி எந்தத் தொடர்பும் கிடையாது. ஒன்று இயங்குதளத்தின் சங்கதி, மற்றது டேட்டாபேஸின் சங்கதி.

யார் யாரை மறித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் புரிந்தது. பதினொரு ரிப்போர்ட்டையும் ரத்து செய்தேன். சம்பளக் கணக்கின் நைஸ் எண்ணைப் பழையபடி 0 ஆக்கினேன். ஆறு நிமிடத்தில் கணக்கு முடிந்தது, பூட்டுகள் திறந்தன, ஸ்டிக்கர் அச்சாக ஆரம்பித்தது. சம்பளம் எட்டேகாலுக்குக் கொடுத்தார்கள். லாரி ஒன்பது நாற்பதுக்குக் கிளம்பியது. குன்னத்தூர் பஸ்ஸை விட்ட மூன்று பேரை கம்பெனி வேனில் கொண்டுபோய் விட்டோம். நானும் கூடப் போனேன்.

அதற்கப்புறம் ஒரு மாதம் இதே யோசனைதான்.

முதலில் எல்லாரும் சொல்வது, குவெரியைச் சரிசெய் என்பது. சரிதான், செய்தேன். தேடலை வேகமாக்கும் ஓர் இன்டெக்ஸ் போட்டதும் அந்த ரிப்போர்ட் நான்கு நிமிடத்திலிருந்து சில நொடிகளுக்கு இறங்கியது. சம்பளக் கணக்கையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல், பிரிவு வாரியாகச் சின்னச் சின்ன டிரான்ஸாக்‌ஷன்களாக உடைத்தோம். இதைச் செய்யாமல் முன்னுரிமை பற்றிப் பேசுவதில் பயனில்லை. ஆனால் அடுத்த மாதம் இன்னொருவர் இன்னொரு ரிப்போர்ட் கேட்பார். குவெரிகள் எப்போதும் நல்லவையாகவே இருக்கும் என்று நம்பி ஒரு சர்வரை நடத்த முடியாது.

போஸ்ட்கிரஸில் "இந்த யூசருக்கு முதலிடம், அந்த யூசருக்கு மூன்றாமிடம்" என்று எழுதி வைக்க உள்ளேயே ஒரு வழி கிடையாது. மற்றவற்றில் இருக்கிறது. ஆரக்கிளில் ரிசோர்ஸ் மேனேஜர் 1999இல் 8i பதிப்போடு வந்தது. பயனர்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு இவ்வளவு சிபியு என்று திட்டம் போடலாம். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ஓடும் குவெரியைக் கீழ்க்குழுவுக்குத் தானாகத் தள்ளலாம். ஒரு குழுவில் ஒரே சமயத்தில் இத்தனை பேர்தான் வேலை செய்யலாம், மீதிப் பேர் வரிசையில் நிற்கட்டும் என்றும் சொல்லலாம். அதில் எனக்குப் பிடித்தது, சிபியுவில் இடம் மிச்சம் இருக்கும்வரை அந்தப் பங்கீடு யாரையும் தடுக்காது என்பது. நெருக்கடி வந்தால்தான் பங்கு பேசும். மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் 2008 பதிப்பில் ரிசோர்ஸ் கவர்னர் வந்தது. யார் உள்ளே வருகிறார் என்று பார்த்துக் குழுவில் போடும் ஒரு ஃபங்ஷனை நாமே எழுதலாம். அந்த ஃபங்ஷனில் நாம் தவறு செய்து எல்லாரையும் வெளியே நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது: நிர்வாகிக்கான தனி இணைப்பு அந்தச் சோதனைக்கு உட்படாது. மைஎஸ்க்யூஎல் 8.0இல் ரிசோர்ஸ் குரூப் உண்டு. ஆனால் அது சிபியுவை மட்டுமே கவனிக்கும். டிஸ்க்கைப் பற்றிக் கேட்காது.

வேறு டேட்டாபேஸுக்கு மாறலாமா என்றுகூட ஒரு வாரம் யோசித்தேன். அந்த வாரம்தான் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன்.

எங்கள் தோட்டம் அரச்சலூர் பக்கம், கீழ்பவானிப் பாசனத்தில் ஒரு கிளை வாய்க்காலின் கடைமடை. பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிந்தது. கொள்ளளவு 32.8 டிஎம்சி. அங்கிருந்து கிளம்பும் கீழ்பவானிக் கால்வாய் சத்தி, கோபி, பெருந்துறை வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போய் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாய்கிறது. இவ்வளவு நிலத்துக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் விட அணையில் இருப்பு போதாது. அதனால் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரு போகத்துக்கு ஒற்றைப்படை எண் மதகுகள் திறக்கும், 1,03,500 ஏக்கருக்கு நன்செய்த் தண்ணீர். அடுத்த போகத்துக்கு இரட்டைப்படை மதகுகள், அது புன்செய். மறு வருடம் மாறி வரும். இந்த வருடம் நெல் போட்டவன் அடுத்த வருடம் கடலையோ எள்ளோ போடுவான்.

சின்ன வயதில் அப்பாருவிடம் கேட்டிருக்கிறேன், எதற்கு இப்படி, எல்லா மதகையும் பாதிப் பாதி திறந்து எல்லாருக்கும் விட்டால் என்ன என்று. மம்முட்டியை வரப்பில் ஊன்றிவிட்டுச் சொன்னார்: "பாதி தெறந்தா ஒருத்தருக்கும் பத்தாது சாமி. வாய்க்கா நெறஞ்சு வந்தாத்தான் கடைமடைக்கு ஏறும். கொஞ்சமா வந்தா வழியிலயே மண்ணு குடிச்சுப் போடும்." மண் கால்வாயில் நீர்மட்டம் குறைந்தால் உயரத்தில் இருக்கிற மதகில் தண்ணீர் ஏறாது. கசிவில் போவது மட்டும் போய்க்கொண்டே இருக்கும். பாதியளவுத் தண்ணீரை எல்லாருக்கும் பங்கிட்டால், பங்கு பயிருக்கு வந்து சேர்வதில்லை.

இந்தப் பொங்கலுக்கு அதே வரப்பில் நின்றபோது எனக்கு என் சர்வர்தான் தெரிந்தது. பதினொரு ரிப்போர்ட்டையும் ஒரே நேரத்தில் உள்ளே விட்டு, எல்லாருக்கும் பாதிப் பாதி மதகு திறந்திருந்தேன். ஒவ்வொன்றும் மெமரியில் அடங்காமல் டிஸ்க்கில் தற்காலிகக் கோப்பு எழுதி, மெமரியில் கைக்கெட்ட வைத்திருக்கும் கேஷிலிருந்து ஒன்றின் பக்கங்களை இன்னொன்று வெளியேற்றி, வழியிலேயே மண் குடித்துக்கொண்டிருந்தது. மூன்று மூன்றாக உள்ளே விட்டிருந்தால் பதினொன்றும் சீக்கிரம் முடிந்திருக்கும். உள்ளே வந்தவர்களில் யார் முந்துவது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் மதகில் வைத்தே முடிவு செய்திருக்க வேண்டியது: ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே.

அதைச் செய்ய போஸ்ட்கிரஸிலேயே வழி இருக்கிறது. மதகில் நிறுத்த வேண்டுமானால், வந்திருப்பது யார் என்று முதலில் தெரிய வேண்டும். எங்கள் சாஃப்ட்வேர் முழுக்க ஒரே யூசர் பெயரில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஸ்கேனரும் அதே பெயர், கணக்காளரும் அதே பெயர், முதலாளியின் மொபைலில் இருக்கும் திரையும் அதே பெயர். எத்தனையோ கம்பெனிகளில் இன்றைக்கும் இப்படித்தான் இருக்கிறது. இதை மட்டுமாவது யாராவது மாற்றினால் இந்தப் பதிவு எழுதியதற்கு எனக்கு நிறைவு. நாங்கள் நான்காகப் பிரித்தோம்: ஸ்கேன், சம்பளம், அலுவலகத் திரைகள், ரிப்போர்ட். ஒவ்வொன்றுக்கும் தனி ரோல் (போஸ்ட்கிரஸில் யூசருக்கு அதுதான் பெயர்), தனிக் கடவுச்சொல். சாஃப்ட்வேர் வெண்டரைச் சம்மதிக்க வைக்கவே இரண்டு வாரம் ஆயிற்று.

ரோல் பிரிந்ததும் ஒவ்வொன்றின் மேலும் தனித்தனியாக வரம்பு வைக்க முடிந்தது. ஸ்கேன் ரோலில் ஒரு குவெரி 5 நொடிக்கு மேல் ஓடினால் ரத்து. அது அவ்வளவு நேரம் ஓடுகிறது என்றாலே எங்கோ கோளாறு. ரிப்போர்ட்டுக்கு 10 நிமிடம். அலுவலகத் திரைகளுக்கு வேறொரு வரம்பு தேவைப்பட்டது. ஒருவர் பண்டிலைத் திருத்தத் திரையைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். டிரான்ஸாக்‌ஷன் திறந்தபடியே, பூட்டோடு கிடக்கும். சிபியுவைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது, சர்வர் சும்மா இருப்பது போலத்தான் இருக்கும். டிரான்ஸாக்‌ஷனைத் திறந்துவிட்டுச் சும்மா இருக்கும் செஷனைத் துண்டிக்கும் கெடு 9.6 பதிப்பிலிருந்து இருக்கிறது. இரண்டு நிமிடம் வைத்தோம்.

மெமரி பற்றி ஓர் எச்சரிக்கை. கணக்குப் போடும்போது எவ்வளவு மெமரி எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் ஒர்க் மெம் என்பதன் இயல்பளவு 4 எம்பி. ரிப்போர்ட் வேகமாக வரட்டும் என்று முன்பொருமுறை அதை எல்லாருக்கும் 256 எம்பி ஆக்கியிருந்தோம். அது ஓர் இணைப்புக்கான அளவில்லை, குவெரிக்குள் வரும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் ஒவ்வொரு ஹாஷுக்குமான (வேகமாகத் தேட மெமரியில் கட்டும் அட்டவணை) அளவு. ஒரே குவெரியில் அப்படி ஐந்தாறு இருக்கலாம். மெமரி தீர்ந்துபோய் லினக்ஸ் ஒரு புராசஸைக் கொன்றது. அப்படி ஒன்று கொல்லப்பட்டால் பகிர்ந்த மெமரி கெட்டிருக்கலாம் என்று போஸ்ட்கிரஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு மீட்சிக்குப் போகும். ஒருவரின் ரிப்போர்ட்டுக்காக மொத்த கம்பெனியும் நின்றது. இப்போது ரிப்போர்ட் ரோலுக்கு மட்டும் 128 எம்பி. மற்றவர்களுக்குப் பழைய அளவே போதும்.

அப்புறம் மதகு. ரோலுக்கு இத்தனை இணைப்புதான் என்று போஸ்ட்கிரஸிலேயே வரம்பு வைக்கலாம். ஆனால் வரம்பைத் தாண்டி வருபவருக்குப் பிழைச் செய்திதான் கிடைக்கும். அவர் மறுபடி மறுபடி அழுத்துவார். வரிசையில் நிற்கவைக்க பிஜிபவுன்சர் வேண்டும். சாஃப்ட்வேருக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் உட்காரும் சின்ன நிரல் அது. ஒரே டேட்டாபேஸை நான்கு பெயர்களில் காட்டி, ஒவ்வொரு பெயருக்கும் இத்தனை இணைப்பு என்று எழுதினேன். ரிப்போர்ட்டுக்கு 3. நான்காமவர் வந்தால் பிழை கிடையாது, முன்னவர் முடியும்வரை காத்திருப்பார். இயல்பில் இரண்டு நிமிடம்தான் காக்க விடும், அதை நீட்டித்தேன்.

ஸ்கேனுக்கு எத்தனை கொடுப்பது? முக்கியமான வேலை, நிறையக் கொடு என்றுதான் முதலில் தோன்றியது. கணக்குப் போட்டேன். 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி ஒன்று உண்டு: சராசரியாக உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை என்பது வரும் வேகத்தை உள்ளே இருக்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. எங்களுக்கு உச்ச நேரத்தில் நொடிக்கு 40 ஸ்கேன், ஒவ்வொன்றும் 5 மில்லிசெகண்ட். பெருக்கினால் 0.2. கம்பெனியின் உயிர்நாடிக்குத் தேவைப்பட்டது சராசரியாக ஓர் இணைப்பில் ஐந்தில் ஒரு பங்கு! ஏற்ற இறக்கத்துக்காக 6 கொடுத்தேன், அதுவே தாராளம். அதுவரை அதற்கு 60 கொடுத்திருந்தோம். அந்த வேலைக்கு வேண்டியதெல்லாம் வழியில் யாரும் படுத்துக் கிடக்காமல் இருப்பது.

சர்வரை எவ்வளவு நிரப்பலாம் என்பதற்கும் வரிசைக் கணக்கு பதில் சொல்கிறது. ஒரே கவுண்டர், ஆட்கள் ஒழுங்கில்லாமல் வருகிறார்கள், ஒவ்வொருவர் வேலையும் வேறு வேறு நீளம் என்று வையுங்கள். கவுண்டர் பாதி நேரம் வேலையாக இருந்தால், ஒருவர் சராசரியாகக் காத்திருப்பது ஒரு வேலையின் நேரம். 80 சதவீதம் நிரம்பினால் நான்கு மடங்கு. 90 என்றால் ஒன்பது மடங்கு. 12 கோர் இருந்தால் அளவு மாறும், வளைவின் போக்கு மாறாது. சர்வர் 90 சதவீதம் ஓடுகிறது, நல்ல பயன்பாடு என்று சந்தோஷப்படுவது ஸ்கேன் வைத்திருக்கும் கம்பெனிக்கு ஆகாது.

தொழில்நுட்பம் இவ்வளவுதான். கஷ்டமானது, யாருக்கு எந்த இடம் என்று முடிவு செய்வது. அதை நானே செய்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. செய்யக் கூடாது என்று தோன்றியது. பவானியில்கூட அப்படியில்லை. அணை வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே கொடிவேரியின் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும் காலிங்கராயனும் பாய்ந்துகொண்டிருந்தன. பழைய பாசனத்துக்கு முதல் உரிமை, எல்லாவற்றுக்கும் முன்னால் குடிநீர் என்பதெல்லாம் ஊரறிந்த ஏற்பாடு. அதை வைத்துச் சண்டை வரும், கோர்ட்டுக்குப் போவார்கள். ஆனாலும் ஏற்பாடு என்ன என்று எல்லாருக்கும் தெரியும்.

அதனால் முதலாளி, கணக்காளர், புரொடக்‌ஷன் மேனேஜர், பேக்கிங் அண்ணன் எல்லாரையும் ஒரு மேசையில் உட்கார வைத்தேன். எது முக்கியம் என்று கேட்டால் எல்லாருடையதும் முக்கியம்தான். அதனால் வேறு மாதிரி கேட்டேன்: உங்க வேலை பத்து நிமிஷம் நின்றால் என்ன ஆகும்? ஒரு மணி நேரம் நின்றால்? பேக்கிங் அண்ணன் சொன்னார், பத்து நிமிஷத்தில் மேசை நிறைந்து தையல் லைன் வரைக்கும் தேங்கும். கணக்காளர் யோசித்துவிட்டு, செலவு ரிப்போர்ட் திங்கள் காலையில் வந்தாலும் போதும் என்றார். சம்பளம் சாதாரண நாளில் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும், சனிக்கிழமை நான்கு மணிக்கு மேல் காத்திருக்காது. முதலாளியின் திரை? அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நானு பாக்கறது கொஞ்சம் பின்னால வந்தாலும் செரி தம்பி, அவங்க பஸ்ஸ விடக் கூடாது" என்றார். தையல்காரரின் வாரச் சம்பளம் முதலாளியின் வரைபடத்துக்கு முன்னால் போக வேண்டும் என்று அவர் வாயாலேயே வந்தது எனக்கு உள்ளபடியே சந்தோஷம்.

அவர் பின்னால் போனாலும் அவருக்கு ஒன்றும் கிடைக்காமல் போகக் கூடாது. பழைய சர்வர் ஒன்றைத் தூசி தட்டி, ரெப்ளிகாவாக்கினேன். முதன்மைச் சர்வரில் நடப்பதெல்லாம் தொடர்ந்து அதற்கும் ஓடும், படிக்கிற குவெரிகளை அதில் ஓட்டலாம். முதல் வாரமே முதலாளியின் ரிப்போர்ட் பாதியில் அறுந்தது. முதன்மையில் துப்புரவு செய்யப்பட்ட பழைய பதிவுகளை ரெப்ளிகாவில் ஓடும் நீண்ட குவெரி இன்னும் பார்த்துக்கொண்டிருந்தால், இயல்பில் 30 நொடி பொறுத்துவிட்டு குவெரியை அது வெட்டிவிடும். அந்தப் பொறுமையை நீட்டினால் ரெப்ளிகா பின்தங்கும். ரெப்ளிகாவின் தேவையை முதன்மைக்குத் தெரியப்படுத்தச் சொன்னால், முதன்மையில் குப்பை சேரும். நான் பின்தங்கட்டும் என்று முடிவு செய்தேன். திரையின் மேலே "இது எத்தனை மணி நிலவரம்" என்று காட்டச் சொன்னேன். அவருக்கு அது போதுமாக இருக்கிறது.

குப்பை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். போஸ்ட்கிரஸில் ஆட்டோவேக்கும் என்று ஒரு வேலை பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், மாற்றியோ நீக்கியோ பயனற்றுப்போன பழைய பதிவுகளைத் துப்புரவு செய்ய. அதுவும் சிபியு, டிஸ்க் எல்லாம் கேட்கிற ஒரு பயனர்தான், ஆனால் அதற்காகப் பேச மேசையில் யாரும் இல்லை. நெருக்கடி வந்தால் எல்லாரும் முதலில் அதை நிறுத்துவார்கள். வாய்க்காலில் தூர் வாருவதைத் தள்ளிப்போடுவது போலத்தான். ஒரு வருடம் தெரியாது, இரண்டாம் வருடம் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. அதன் பங்கில் நான் கை வைக்கவில்லை. முதன்மைச் சர்வரில் மணிக்கணக்கில் திறந்து கிடக்கும் ரிப்போர்ட் இருந்தால் அது முடியும்வரை ஆட்டோவேக்குமால் குப்பையை அகற்றவும் முடியாது. பத்து நிமிட வரம்புக்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசி வரிசையில் இருப்பவர் பட்டினி கிடக்கும் பிரச்சினை எங்களுக்கும் வந்தது. இரண்டாம் மாதக் கடைசியில், வேறொரு பெரிய செலவு ரிப்போர்ட் மூன்று நாள் முயன்றும் முடியவில்லை என்று கணக்காளர் வந்து நின்றார். பகல் முழுக்க மற்ற ரிப்போர்ட்டுகள் அந்த மூன்று இடத்தையும் பிடித்துக்கொண்டிருந்தன. இவருடையது உள்ளே போனாலும் பத்து நிமிடத்தில் வெட்டுப்பட்டது. அவர் குரலை உயர்த்தாதவர் என்பதால் எனக்கு மூன்று நாள் கழித்துத் தெரிந்தது. அதிலிருந்து இரவு பத்து முதல் காலை ஐந்து வரை அவருக்கென்று ஒரு முறை. ரெப்ளிகாவில் தனி ரோல், நேர வரம்பு கிடையாது, வேறு ரிப்போர்ட் எதுவும் உள்ளே வராது. ராத்திரி முறைத் தண்ணிக்கு பேட்டரி லைட்டோடு போவது போல, அவருடைய குவெரி இரவில் பாய்கிறது.

சனிக்கிழமைக்குத் தனித் திட்டம். மதியம் மூன்றரைக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடி, பிஜிபவுன்சரில் ரிப்போர்ட்டின் 3ஐ 1 ஆக்கி, சம்பளத்தின் 2ஐ 4 ஆக்கும். பிரிவு வாரியாக உடைத்த கணக்கு நான்கு கையாக ஓடும். இரவு பத்துக்குப் பழையபடி மாறிவிடும். ரோல் வரம்புகளையும் இதே மாதிரி மாற்றப் பார்த்தேன். அவை புதிதாகத் தொடங்கும் செஷனுக்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு பழைய வரம்பிலேயே போகும். பவுன்சரிடம் இணைப்புகளைப் புதுப்பிக்கச் சொன்ன பிறகுதான் அது சரியாயிற்று.

போன சனிக்கிழமை ஆறு மணிக்கு நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரிப்போர்ட் வரிசையில் நான்கு பேர் காத்திருந்தார்கள், ஒருவர் உள்ளே. ஸ்கேன் வரிசை பூஜ்யம். சம்பளம் ஐந்து இருபதுக்கே முடிந்திருந்தது. அந்த அக்கா கவரை வாங்கிக்கொண்டு போகிற வழியில் என் அறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பஸ்ஸுக்கு வேகமாக நடந்துகொண்டிருந்தார்.

அடுத்த மாதம் பல்லடம் ரோட்டில் இரண்டாவது யூனிட் தொடங்குகிறது. அங்கே ஒவ்வொரு தையல் ஆபரேஷனுக்கும் ஸ்கேன் வைக்கப் போகிறார்களாம். நொடிக்கு 40 என்பது எவ்வளவாகும் என்று திங்கட்கிழமை அங்கே போய் லைன் ஓரமாக நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.